வயதான ராக் இசைக்குழுக்கள் மேடையை விட்டு விலகிவிடலாமே, ஏன் இன்னும் வாசிக்கிறார்கள்?

இளவயதில் உருகிக் கேட்ட ஏதோ ஒரு குழுவின் நிகழ்ச்சிக்குக் காசு கொடுத்துப் போய் மனம் நொந்து திரும்பியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கோபம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் பழியை வயதின் மேல் போடாதீர்கள்.

நான் ஓர் அமெச்சூர் ராக் பேண்டில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். எல்லோருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, பாடுபவர் அறுபதை நெருங்குகிறார். ("ரோலிங் ஸ்டோன்ஸோடு உன்னை ஒப்பிட நீ யார்?" என்று கிளம்புகிறவர்களுக்கு: ஒப்பிடவில்லை. எங்களைக் கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள்.)

சில வருடங்களுக்கு முன் எங்கள் பாடகருக்கு மேல் ஸ்தாயி நழுவ ஆரம்பித்தது. இது சோம்பலால் வருவதில்லை. வயதாக ஆகக் குரல்நாண் தசைகள் மெலிகின்றன, நாண்கள் முன்பு போல் இறுக மூடுவதில்லை, காற்று கசிகிறது. பயிற்சி செய்தால் ஓரளவு தாங்கும், அவ்வளவுதான். அப்போது ஒரு நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த பையன், ரொம்ப மரியாதையாகவே சொன்னான்: "சார், உச்சத்துக்குப் போற வரிகளை மட்டும் முன்னாடியே ரெக்கார்ட் பண்ணி ஓட விட்டுடலாம். யாருக்கும் தெரியாது." எங்கள் டிரம்மர் உடனே, "அப்போ எங்க எல்லாரையும் சேர்த்தே ரெக்கார்ட் பண்ணிக்கோப்பா, நாங்க வீட்டுல படுத்துக்கறோம்" என்றார்.

அதற்குப் பதில் எல்லாப் பாட்டையும் ஒரு முழு ஸ்வரம் கீழே இறக்கினோம். சொல்ல எளிது. கீபோர்ட்காரருக்கு ஒரு பட்டன், வேலை முடிந்தது. எனக்கோ தந்திகளைத் தளர்த்த வேண்டும்; தளர்த்தியதும் நான்காவது, அதாவது மிகத் தடித்த தந்தி தொளதொளவென்று ஆகி ஃபிரெட்டில் (கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அடித்து இரைந்தது. தடிமனான தந்தி மாற்றி, கிட்டாரின் கழுத்தைச் சரிசெய்து, விரலுக்கும் பழகி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நிகழ்ச்சி முடிந்ததும் ஒருவர் வந்து, "ஒரிஜினல் மாதிரி இல்லையே" என்றார். இல்லைதான். ஆனால் அன்று கேட்ட ஒவ்வொரு ஸ்வரமும் எங்கள் ஆள் நின்று பாடியது. அதில் எனக்குப் பெருமை, மறைக்கவில்லை.

தந்தியைத் தளர்த்துவது என்ன கிழவர்கள் கண்டுபிடித்த தந்திரமா? பிளாக் சப்பாத் என்ற ராக் குழுவின் கிட்டார்காரர் டோனி அயோமி பதினேழு வயதில் தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். வலி குறைய மெல்லிய தந்தி போட்டார், பிறகு தளர்த்தியும் வாசித்தார். 1971இல் வந்த மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி ஆல்பத்தில் பல பாடல்களில் ஒன்றரை ஸ்வரம் இறக்கி வாசித்திருக்கிறார். ஹெவி மெட்டல் என்ற முரட்டு ராக் வகையின் அந்தக் கனத்த ஒலிக்கு இதுவும் ஒரு காரணம். அதே குழு 2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாமின் வில்லா பார்க்கில் கடைசியாக மேடையேறியபோது, பார்க்கின்சன் நோயிலிருந்த அதன் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பாடினார். ஜூலை 22 அன்று இறந்துவிட்டார். அந்த மனிதரிடம் போய் "வீட்டிலேயே இருந்திருக்கலாம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

டிரம்மரும் பாடகருமான ஃபில் காலின்ஸும் 2022இல் தன் ஜெனிசிஸ் குழுவின் கடைசி நிகழ்ச்சியில் நாற்காலியில் உட்கார்ந்துதான் பாடினார், டிரம்ஸ் வாசித்தது மகன். டீப் பர்ப்பிள் குழுவின் பாடகர் இயன் கில்லன், உச்ச ஸ்தாயியில் அலற வேண்டிய சைல்ட் இன் டைம் பாடலைப் பல வருடங்களாக மேடையில் தொடுவதில்லை. பாடகரின் தொண்டைக் காயம் ஆறாததால் ஏரோஸ்மித் குழு 2024இல் சுற்றுப்பயணமே வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டது. உட்காருவது, பாட்டை விடுவது, நிறுத்துவது எல்லாமே எனக்குச் சம்மதம். வாயசைத்துக் காசு வாங்குவது மட்டும் ஆகாது. அதை இருபது வயதுக்காரர்களும் செய்கிறார்கள், அவர்களை யாரும் ஓய்வெடுக்கச் சொல்வதில்லை.

இன்னொன்றும் எரிச்சல். ப்ளூஸ் (ராக்குக்கு மூலமான அமெரிக்கக் கறுப்பின இசை) கலைஞர் பி.பி. கிங் எண்பது வயதைத் தாண்டியும் உட்கார்ந்து கிட்டார் வாசித்தபோது உலகம் கையெடுத்துக் கும்பிட்டது. ப்ளூஸ்காரருக்கு வயது அழகு, ராக்காரருக்கு மட்டும் அவமானமாம்! சரி, இளமையை விற்றே வளர்ந்த இசை என்பீர்கள். ஓரளவு உண்மைதான்.

அப்புறம், நீங்கள் கேட்டது மோசமாக இருந்ததற்குப் பாதிக் காரணம் சவுண்ட் பிடிக்கிறவராகவும் இருக்கலாம். கிக் டிரம்மை (காலால் அடிக்கும் பெரிய டிரம்) நெஞ்சில் இடிக்கிற அளவு ஏற்றிவிட்டுப் பாடகரைக் காணாமல் அடிக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. சவுண்ட் செக்குக்குப் பத்து நிமிடம் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். மேடையில் தன் குரல் தனக்கே கேட்காதபோது எந்த வயதுக்காரரும் கத்தத்தான் செய்வார். இதைப் பற்றித் தனியாக யாராவது கேளுங்கள், விடிய விடிய எழுதுகிறேன்.

அடுத்த முறை டிக்கெட் எடுக்கும் முன், அதே சுற்றுப்பயணத்தில் கூட்டத்திலிருந்து யாரோ மொபைலில் எடுத்த வீடியோ ஒன்றை முழுதாகப் பாருங்கள். குழுவே வெளியிடும் வீடியோவை நம்ப வேண்டாம், அதில் குரலைத் திருத்தியிருக்க வாய்ப்பு அதிகம். மொபைல் வீடியோவில் பிடித்திருந்தால் போங்கள்.