தேய்த்த பீங்கானுக்கு மெருகு அவசியமா?

கேள்வி: என் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குச் செராமிக் கேப் பொருத்திய அன்று, கடிக்கும்போது அது மட்டும் உயரமாக இடித்ததால், மருத்துவர் மேற்பகுதியைச் சிறிது தேய்த்துச் சரிசெய்தார். அது முதல் அந்த இடத்தில் நாக்குப் பட்டால் சொரசொரப்பாக இருக்கிறது. பீங்கான் சொத்தையாகாது, கவலைப்படாதே என்கிறார்கள் வீட்டில். அங்கே கிருமிகள் சேராதா?

பதில்: சேரும். பீங்கான் சொத்தையாகாது என்பது உண்மைதான். ஆனால் கேப்புக்குள் இருப்பதும் அதன் விளிம்புக்குக் கீழே ஈறோரம் தொடர்வதும் உங்கள் சொந்தப் பல்லே. சொத்தை அந்த விளிம்பில்தான் தொடங்குகிறது, ஈறும் அங்கேதான் வீங்குகிறது.

பீங்கான் கேப்பைச் சுட்டெடுக்கும்போது கடைசியாகக் கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சு ஒன்றை ஏற்றுவதுண்டு. அதைக் கிளேஸ் என்பார்கள். வைரத்துகள் பதித்த பர் என்னும் சுழலும் முனை கொண்டு தேய்த்தவுடன் அந்தப் பூச்சு போய்விடுகிறது, அதன் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் மிஞ்சுகின்றன. பூச்சு ஏற்றாமல் மெருகு மட்டும் போட்ட கேப்பாக இருந்தாலும் கதை அதுவே. வாயில் எந்தப் பரப்பையும் உமிழ்நீரின் புரதங்கள் சில நிமிடங்களில் படலமாக மூடிவிடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமிகள் முதலில் வந்து ஒட்டுவது அந்தப் படலத்தின் மேல்தான். இவற்றின் விட்டம் ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வழவழப்பான பரப்பில் ஒட்டியவற்றை உமிழ்நீரும் நாக்கும் கன்னமும் உரசி அகற்றிவிட வாய்ப்பு உண்டு. கீறலுக்குள் ஒதுங்கியவற்றை அந்த உரசல் எட்டுவதில்லை, பிரஷ்ஷின் இழைகூட அடிவரை போவதில்லை. அங்கே நிலைத்தவை பெருகிப் பற்படலமாகத் தடிக்க, ஈறுநோயோடு தொடர்புடைய பிந்தைய கிருமிகளும் அதில் வந்து குடியேறுகின்றன.

எவ்வளவு வழவழப்பு போதும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. போலன், லாம்பிரெக்ட்ஸ், குயிரினென் ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, சராசரிச் சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டருக்கு மேல் போனால் பற்படலம் கூடுகிறது என்றும், அதற்குக் கீழே எவ்வளவு மெருகேற்றினாலும் கிருமிகள் மேலும் குறைவதில்லை என்றும் காட்டியது. ஆகவே கண்ணாடியை வெல்லும் பளபளப்பைத் தேட வேண்டியதில்லை. தேய்த்த இடத்தை அப்படியே விட்டுவிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் கேப்பில் சொரசொரப்பு இருப்பது மெல்லும் பரப்பில். ஈறோரத்திலோ இரு பற்களுக்கு இடையிலோ இருந்திருந்தால் கிருமிகளைப் பற்றி இன்னும் கடுமையாக எச்சரித்திருப்பேன். மெல்லும் பரப்பைப் பொறுத்தவரை, எதிரே உள்ள மேல்பல்லின் எனாமலை அது அரம்போல் அராவும் என்பதே எனக்குப் பெரிய கவலை. நாக்கு ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த வேறுபாட்டை உணரக்கூடியது. அது சொல்வதை நம்பி மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: ஒட்டிய கேப்பைக் கழற்றாமல் மெருகேற்ற முடியுமா? அது பழைய பூச்சுக்கு ஈடாகுமா?

பதில்: வாயிலேயே செய்துவிடலாம். வைரத்துகள் கலந்த ரப்பர் முனைகளை முரடு, நடுத்தரம், நுண்மை என்ற வரிசையில், அதிகம் அழுத்தாமல், சூடேறாதபடி நீர் தெளித்துப் பயன்படுத்துவார்கள். தேவைப்பட்டால் கடைசியில் வைரப் பசையும் உண்டு. முரடான முனை விட்ட கீறலை அடுத்த முனை அழிக்க வேண்டும் என்பதால், இடையில் ஒரு படியைத் தாண்டினால் பரப்பு மின்னினாலும் ஆழக் கீறல்கள் அடியில் தங்கிவிடும். கண்ணாடித் தன்மையுள்ள பீங்கானுக்கும், சிர்கோனியா என்ற இன்னொரு வகைச் செராமிக்குக்கும் ஏற்ற முனைகள் வேறு வேறு. சிர்கோனியா மிகக் கடினமானது.

முறையாக மெருகேற்றிய பரப்பு, வழவழப்பில் கிளேஸுக்கு ஈடு கொடுக்கிறது. சிர்கோனியாவில் மெல்லும் பரப்புக்கு நான் மெருகையே விரும்புவேன், ஏனெனில் அங்கே கிளேஸ் நாளடைவில் தேய்ந்து, அடியில் உள்ள சொரசொரப்பு வெளிப்பட்டு, எதிர்ப்பல்லைத் தேய்க்கத் தொடங்குகிறது.

கேள்வி: மெருகேற்றிய பின் அதைக் காப்பாற்ற நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: எந்த மெருகும் கிருமிகளைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுத்துவிடாது, எனவே நாளுக்கு இரு முறை மென்மையான பிரஷ்ஷும், பல்லிடுக்குக்கு ஃபிளாஸ் அல்லது இடைப்பல் பிரஷ்ஷும் தேவை. அமிலம் கலந்த ஃபுளோரைடு ஜெல் பீங்கானை அரித்துச் சொரசொரப்பாக்கும் என்பதால், ஃபுளோரைடு சிகிச்சை எடுக்கும்போது கேப் இருப்பதை முன்கூட்டியே சொல்லி, அமிலமற்ற சோடியம் ஃபுளோரைடைக் கேளுங்கள். பற்களைச் சுத்தம் செய்துகொள்ளப் போகும்போதும் அதைச் சொல்லுங்கள். அதிர்வுக் கருவியின் உலோக முனை கேப்பின் விளிம்பில் கவனமின்றிப் பட்டால், மெருகேற்றிய பரப்பில் மீண்டும் கீறல் விழும்.