ஐந்து மணிக்கு ஆலய மணி: நார்வே கிறிஸ்துமஸ் கேள்வி–பதில்

நான் நாகர்கோவில்காரி. 1998-இல் கல்யாணம் முடிந்து நார்வே வந்தேன். கணவரின் ஊர் வொஸ். பெர்கனிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் பற்றிப் போன இதழில் இரண்டு பத்தி எழுதியிருந்தேன். கடிதங்கள் நிறைய வந்துவிட்டன. நாலு கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மகள் ஒஸ்லோவில் நார்வேக்காரரை மணந்திருக்கிறாள். இந்த டிசம்பர் 24 எங்களுக்குச் சம்பந்தி வீட்டில். நாங்கள் சைவம். அவர்களுக்குச் சங்கடம் ஆகிவிடுமோ? (திருச்சி வாசகி)

இப்போதே சொல்லிவிடுங்கள் அம்மா, ஒரு சங்கடமும் வராது. கடைசி நேரத்தில் சொன்னால்தான் சம்பந்தியம்மாவுக்குக் கஷ்டம். 24-ஆம் தேதி கடைகள் சீக்கிரமே மூடிவிடும். 25, 26 இரண்டு நாளும் விடுமுறை.

ஒஸ்லோப் பக்கம் அன்று ராத்திரி பெரும்பாலும் 'ரிப்பே'. பன்றியின் விலாப்பகுதியைத் தோலோடு ஓவனில் சுடுவார்கள். தோலைச் சின்னச் சின்னக் கட்டமாகக் கீறி, உப்பும் மிளகும் தேய்த்து வைத்திருந்து, அது அப்பளம் மாதிரிப் பொரியும்வரை விடமாட்டார்கள். தோல் பொரிந்ததா என்பதுதான் அன்றைக்கு வீட்டின் பெரிய கவலை.

உங்களுக்கு உருளைக்கிழங்கு உண்டு. கூட வைக்கும் புளிப்பு முட்டைக்கோஸில் பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். 'லெஃப்சே' என்று மெல்லிய ரொட்டி ஒன்று உண்டு. வெண்ணெயும் சர்க்கரையும் தடவி மடித்துச் சாப்பிடுவது. உங்களுக்குப் பிடிக்கும். முட்டை சேர்ப்பீர்களா என்பதையும் சொல்லிவிடுங்கள், பலகாரங்களில் பாதிக்கு முட்டை இருக்கும்.

அப்புறம் பாலில் குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சி. மேலே சர்க்கரை, பட்டைத் தூள், நடுவில் ஒரு துண்டு வெண்ணெய். எங்கள் வீட்டில் இது 24 மதியச் சாப்பாடு. பானைக்குள் தோலுரித்த பாதாம் ஒன்றே ஒன்று போடுவார்கள். யார் கிண்ணத்தில் அது வருகிறதோ அவருக்குப் பாதாமும் சர்க்கரையும் அரைத்துச் செய்த பன்றிப் பொம்மை பரிசு. கிடைத்தவர் பாதாமைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மூச்சே விடமாட்டார். மற்றவர்கள் பானை காலியாகும்வரை தேடுவார்கள். என் மாமனார் எண்பது வயதிலும் அப்படி ஒதுக்கி வைத்திருந்தார்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் சமையலை மாற்றச் சொல்லாதீர்கள். தாத்தா சாப்பிட்டதையே அந்த ராத்திரி பேரனும் சாப்பிட வேண்டும், அதுதான் அவர்களுக்குப் பண்டிகை. நீங்கள் ஒரு எலுமிச்சைச் சாதம் கிளறி அதே மேசையில் வைத்துச் சேர்ந்து உட்காருங்கள். ஐந்து மணிக்கு ஆலய மணிகள் அடிக்கும். அப்போது 'கூ யூல்' என்று வாழ்த்துங்கள். சாப்பிட்டு எழும்போது சமைத்தவரைப் பார்த்து 'தக் ஃபொர் மாதென்', அதாவது சாப்பாட்டுக்கு நன்றி, சொல்ல மறக்காதீர்கள். மரத்தைச் சுற்றிக் கைகோத்துப் பாடும்போது பாட்டுத் தெரியாவிட்டாலும் போய்க் கை கொடுங்கள்.

ஆட்டு விலா எலும்பைக் குச்சி மேல் வைத்து அவிப்பார்களாமே? (நெல்லை வாசகர்)

ஆமாம். 'பின்னெஷொத்'. மேற்கு நார்வேயில் கிறிஸ்துமஸ் ராத்திரி என்றால் எங்களுக்கு இதுதான். இலையுதிர் காலத்தில் அறுத்த ஆட்டின் விலாவை உப்பில் போட்டு உலர்த்தி வைப்பார்கள். வொஸ்ஸில் புகையும் போடுவார்கள். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் வந்த வழக்கம். கருவாடு போடத் தெரிந்த நமக்கு விளக்கவே வேண்டாம்.

முதல் வருஷம் கறியை ஊறவைக்கும் வேலை எனக்கு. கருவாட்டுக் கணக்கில் கொஞ்ச நேரம் போதும் என்று நினைத்தேன். மாமியார் சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டிக் கணக்குச் சொன்னார். முப்பது மணி நேரம் ஊற வேண்டும். 23 காலை எட்டுக்குத் தண்ணீரில் போட்டால் 24 மதியம் இரண்டு. நடுவில் தண்ணீரை மாற்ற வேண்டும். பட்டை உரித்த பிர்ச் மரக் குச்சிகளைப் பானை அடியில் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, குச்சி உயரத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மேலே கறியை வைத்து மூடி மூன்று மணி நேரம் ஆவி. மணி அடிக்கும் ஐந்துக்குக் கறி எலும்பைவிட்டு வழுக்கிக்கொண்டு வரும். நடுவில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது குழந்தைகள் வேலை. ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, வீடு முழுக்க அந்த வாசனை! என் மகள்களுக்குக் கிறிஸ்துமஸ் தொடங்குவது மரத்தில் இல்லை, இந்த வாசனையில்தான்.

தொட்டுக்கொள்ள 'கோல்ராபி' மசியல். பெயரைக் கேட்டு நூல்கோல் என்று நினைத்துவிடாதீர்கள். இது உள்ளே மஞ்சளாக, இனிப்பாக இருக்கும் வேறு கிழங்கு. வெண்ணெயும் கறியிலிருந்து இறங்கிய சாறும் விட்டு மசிப்பார்கள். அந்த உப்புக் கறிக்கு இந்த இனிப்பு இல்லாமல் முடியாது.

என் சித்தப்பா 1980-களில் நார்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். டிசம்பரில் சூரியனே வராது என்பார். அந்த இருட்டில் என்ன பண்டிகை? (யாழ்ப்பாண வாசகி)

உங்கள் சித்தப்பா சொன்னது உண்மை. நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழாது. எங்கள் பெர்கனிலேயே காலை பத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்து மூன்றரைக்குப் போய்விடும். இருட்டு அதிகம் என்பதால்தான் இந்தப் பண்டிகையில் இத்தனை விளக்கு. டிசம்பர் தொடங்கும் முன்பே ஜன்னலுக்கு ஜன்னல் காகித நட்சத்திரம் எரியும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறுக்கும் நாலு மெழுகுவர்த்தி வைத்து, ஞாயிறுக்கு ஒன்று கூட்டி ஏற்றுவார்கள். டிசம்பர் 13 லூசியா நாளன்று குழந்தைகள் வெள்ளை உடுப்பில் விளக்கேந்திப் பாடி வருவார்கள். குங்குமப்பூ போட்ட மஞ்சள் பன் கொடுப்பார்கள்.

எனக்கு மனதில் நிற்பது கல்லறைத் தோட்டம். 24 மதியம் குடும்பமாகப் போய் பனியை விலக்கி ஒவ்வொரு கல்லறையிலும் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். நாலு மணிக்கு இருட்டும்போது மலைச்சரிவு முழுக்கச் சின்னச் சின்ன வெளிச்சம். நாகர்கோவிலில் நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் கல்லறைக்குப் போய் நின்றது நினைவுக்கு வந்து, முதல் தடவை அழுதுவிட்டேன். மாமனார் ஒன்றும் கேட்காமல் தீப்பெட்டியை என் கையில் கொடுத்தார். இப்போது நான் அவருக்கு ஏற்றுகிறேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் வாசல் கம்பத்தில் கட்டியிருக்கும் ஓட்ஸ் கதிர்க்கட்டைப் பார்ப்போம். 'யூலெநேக்' என்பார்கள், பறவைகளுக்கான பங்கு. காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிட உட்காரும் அம்மாவுக்குப் போட்டோ அனுப்பியபோது, அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

ஏழு வகைப் பலகாரம் என்று எழுதியிருந்தீர்கள். நம் வீட்டில் செய்யும்படி ஒன்று சொல்லுங்கள். (நாகர்கோவில் வாசகி)

நம் ஊர்க் கடிதத்தை முதலில் பிரித்தேன்! கிறிஸ்துமஸுக்கு ஏழு வகை சுட்டு டப்பாவில் அடுக்குவது இங்கே மரியாதைக்குரிய கணக்கு. எந்த ஏழு என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஏலக்காய் வாசனை பலவற்றில் உண்டு.

அதில் ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மாமியார் அலமாரியிலிருந்து நீளக் காம்பு வைத்த பூ அச்சை எடுத்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. நம் அச்சு முறுக்கு! இங்கே பெயர் 'ரொசெத்பாக்கெல்ஸ்'. நாம் அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் எள்ளும் சேர்ப்போம், இவர்கள் மைதாவும் பசும்பாலும்.

இரண்டு முட்டை, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, கால் லிட்டர் பால், 150 கிராம் மைதா, சிட்டிகை உப்பு. கட்டியில்லாமல் கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். அச்சு எண்ணெயிலேயே கிடந்து நன்றாகச் சூடேற வேண்டும். மாவில் முக்கும்போது முக்கால் உயரம்தான். மேல் விளிம்பு மூழ்கினால் பூ கழன்று வராது. பொன்னிறத்தில் எடுத்து வடியவிட்டு, முழுக்க ஆறியபின் டப்பாவை மூடுங்கள். சூட்டோடு மூடினால் நமுத்துப்போகும்.