கோதுமைக்கு மாறியதும் கூளம் நனைவது பற்றி

ஹொசகோட்டே பக்கம் 800 பிராய்லர், மக்காச்சோளம் விலை ஏறியதால் பாதிக்கு உடைந்த கோதுமை, பத்தே நாளில் எச்சம் பிசுபிசுத்துக் கொட்டகைத் தரையில் பரப்பிய கூளம் நனைகிறது, கடைக்காரர் தந்த ஃபைட்டேஸ் என்சைமும் உதவவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

உதவாது சார். ஃபைட்டேஸ் தானியத்தில் கட்டுண்ட பாஸ்பரஸை விடுவிக்கும், அவ்வளவுதான். உங்கள் தொல்லை கோதுமையின் அராபினோசைலன் என்ற நார். அதில் கரையும் பகுதி குடலில் கஞ்சி போலக் கெட்டியாகிவிடும். சத்து அதற்குள் சிக்கிக்கொள்ளும், எச்சம் ஒட்டும். சைலனேஸ் என்ற என்சைம் அந்த நாரின் நீளச் சங்கிலியை நடுநடுவே வெட்டும். நார் முழுதாகச் செரிக்க வேண்டியதில்லை, துண்டானாலே கஞ்சி இளகிவிடும். பார்லி போட்டால் பீட்டா குளுக்கனேஸ் என்ற வேறு என்சைம் வேண்டும். மக்காச்சோளத்தில் கரையும் நார் குறைவு, அதனால்தான் முன்பு பிரச்சினை இல்லை.

சைலனேஸ் அளவுக்குப் பாக்கெட்டைப் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி யூனிட் கணக்கு வேறு, எண்ணை ஒப்பிட்டு வாங்காதீர்கள். முதலில் ஒரு கிலோ மாவில் கலந்து, அப்புறம் மொத்தத் தீவனத்தில் கலக்குங்கள். நான் முதல் தடவை மேலாகத் தூவிவிட்டு, மருந்து சரியில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன்! தீவனத்தைச் சூட்டில் அழுத்திப் பெல்லட் அடிப்பதாக இருந்தால் சூடு தாங்கும் வகையா என்று கேளுங்கள். சின்னக் குஞ்சுகளுக்குக் கோதுமையைக் குறையுங்கள், அவைதான் அதிகம் தடுமாறும். பக்கத்தில் பன்றி வளர்ப்பவர் அதே கோதுமையைப் போட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்பார். பன்றிக்கு இந்தப் பிசுபிசுப்பு அவ்வளவாகப் பாதிக்காது.

கூளம் நனைய வேறு காரணம் உண்டா, தண்ணீர் குடிக்கும் நிப்பிள் ஒழுகுகிறதா, தீவனத்தில் உப்பு கூடிவிட்டதா என்றும் பாருங்கள். எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் என்சைமை விட்டுவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.