முகம் இருக்கட்டும், முதலில் காது

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானின் ஒசாகா நகர வணிக வளாகம் ஒன்றில் சிறுவர்கள் ஒரு ரோபோவைச் சூழ்ந்துகொண்டு அடிக்கும் காணொளியைப் பார்த்துப் பதறிவிட்டேன். இனி ஸ்மார்ட் சிட்டி எங்கும் இவைதான் நிற்குமாம். முகத்தை அச்சு அசலாக மனித முகமாகவே செய்துவிட்டால் மக்கள் மதிப்பார்கள் அல்லவா? நம் ஆட்களின் வேலை என்ன ஆகும்?

கவிதா

அன்புள்ள கவிதா,

பதறிய மனசு நல்ல மனசு. ஆனால் காணொளியோடு நிறுத்திவிட்டீர்களே! அது ஓர் ஆய்வில் எடுத்த காணொளி, அதன் கட்டுரை 2015இல் வந்தது. 1.4 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ளவர்கள் சூழ்ந்து, பக்கத்தில் பெரியவர் யாரும் இல்லையென்றால், பெரியவர்கள் இருக்கும் பக்கமாக நகர்ந்துவிடும்படி ரோபோவுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அடி குறைந்தது. ரோபோவின் முகத்தை யாரும் மாற்றவில்லை.

வேலையா? 2018இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் மளிகைக்கடை ஒன்றில் பெப்பர் என்ற மனித உருவ ரோபோவை நிறுத்திப் பார்த்தார்கள். பீர் எங்கே என்று கேட்டால், மதுப்பிரிவில் என்றது. போனது அதன் வேலைதான்.

அந்தக் கடையில் அதைத் தடுமாறவைத்ததில் சுற்றியிருந்த இரைச்சலுக்கும் பங்குண்டு. நான் சொல்லிச் சொல்லி அலுத்த விஷயம் இது. பெப்பருக்கு 120 செ.மீ. உயரம், தலையில் நான்கு மைக். அதே தலைக்குள் குளிர்விக்கும் விசிறி. அதற்குமேல் கடையின் பாட்டு, ஏசி, தள்ளுவண்டிச் சத்தம். இதுபோன்ற ரோபோக்கள் பலவும் தான் பேசும்போது காதை மூடிக்கொள்ளும். இல்லையென்றால் தன் குரலையே கேள்வியாக எடுத்துக்கொள்ளும். நாமோ அது முடிக்கும்வரை பொறுக்கமாட்டோம். “கழிப்பறை எங்கே” என்று கேட்டால் கழிப்பறை போய்விடும், “எங்கே” மட்டும் உள்ளே போகும். “மன்னிக்கவும், புரியவில்லை.” குனிந்து, இழுத்து இழுத்து, உரக்கச் சொல்வோம். அப்படிப் பேசினால் அதற்கு இன்னும் புரியாது, ஏனென்றால் அது பழகியது சாதாரணப் பேச்சில். அடுத்த முறை யார் கேட்பார்கள்?

மனிதர்கள் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க ஆகும் இடைவெளி சராசரியாக 0.2 விநாடி. ரோபோவுக்கு இரண்டு விநாடிக்குள் பதில் வரவேண்டும். முடியாதென்றால் உடனே ஒரு “ம்ம்… இருங்க” போடட்டும். ஜப்பானில் “எத்தோ” (நம் “ம்ம்…” மாதிரி) என்று இழுக்கவிட்டுப் பார்த்தார்கள். காத்திருப்பவர்களின் எரிச்சல் தணிந்தது. ஒரு “எத்தோ”வுக்கு என்ன செலவாகும்? சிலிகோன் தோலுக்கும் கன்னத்து மோட்டாருக்கும் கொட்டுகிற பணத்தை யோசியுங்கள். முகம் மனிதமுகமாக ஆக ஆக, மனிதனைப் போலவே கேட்கும் என்றல்லவா எதிர்பார்ப்போம்? ஏமாற்றமும் அந்த அளவுக்கு ஏறும்.

உங்கள் ஊரில் யாராவது ஒன்றை வாங்கி நிறுத்தினால் போய்ச் சொல்லுங்கள். ஏசி காற்று இறங்கும் இடத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் கீழே வேண்டாம். நடைபாதை நடுவிலும் வேண்டாம். ஆட்கள் தாமாகவே நிற்கிற வழிகாட்டிப் பலகைக்குப் பக்கத்தில் வையுங்கள். வரவேற்புரையை ஐந்து சொல்லுக்குள் வெட்டுங்கள். கேட்கத் தயாரானதும் கண்ணில் விளக்கு எரியட்டும், “விளக்கு எரிந்ததும் பேசவும்” என்று மார்புத்திரையில் பெரிய எழுத்தில் போடுங்கள். ஒருமுறை புரியாவிட்டால் மறுபடி கேட்காமல் திரையில் வரைபடத்தைக் காட்டிவிடட்டும்.