ஒரே நூலில் ஒரு முகம்

சுவர்ச் சிற்பத்தில் மரபையும் பெண்ணையும் ஜப்பானியக் கலைஞர்கள் எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் சொல்லும் பெயர் குமி யமாஷிதா.

'ஓரிகாமி' வரிசையில் அவர் சதுரக் காகிதங்களைச் சுவரில் பொருத்தி, ஓர் ஓரத்தை மட்டும் மெல்லக் கசக்குகிறார். பக்கவாட்டிலிருந்து ஒளி விழுந்ததும் அந்த மடிப்பின் நிழல் ஒரு மனிதரின் பக்கமுகமாகிறது. விளக்கை அணைத்தால் வெறும் காகிதம்தான்! பழைய காகித மடிப்புக் கலை இங்கே கொக்கையோ பூவையோ செய்வதில்லை, நிழலைச் செய்கிறது.

'கான்ஸ்டலேஷன்' (விண்மீன் கூட்டம்) வரிசை இன்னும் ஆழமானது. வெள்ளைப் பலகையில் ஆயிரக்கணக்கான சிறு ஆணிகள். அவற்றைச் சுற்றி அறுபடாத ஒரே கறுப்புத் தையல் நூல். 2011-இல் உருவான 'மனா' அப்படிப் பிறந்த பெண் முகம். வீட்டுப் பெண்களின் கைவேலை என்று ஒதுக்கிவைத்த நூல்தான் இங்கே அவளுடைய கண்ணாகவும் கூந்தலாகவும் நிற்கிறது.