ஈறுக்குள் ஒளிந்திருக்கும் காரை ஒளியில் தெரியுமா?

"பல் க்ளீனிங் முடிந்த பிறகும் வேரில் காரை மிச்சம் இருக்கிறதா என்று ஒளியை வைத்துக் கண்டுபிடிக்கலாமாமே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மைதான். காரை என்பது பல்லில் படிந்து கல்லாக இறுகிய அழுக்கு. கும்பகோணம் பக்கம் சின்னதாக ஒரு பல் கிளினிக் வைத்திருக்கிறேன். அந்தக் கருவி என்னிடம் இல்லை. படித்த காலத்தில் கல்லூரியில் கையாண்டிருக்கிறேன்.

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கு, நல்ல வாயில் 1 முதல் 3 மி.மீ. ஆழம்தான். ஈறு நோய் வந்தால் 5, 6 என்று இறங்கிவிடும். அங்கே வேரோடு ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ரேயில் பல்லுக்குப் பல் நடுவே பெரிதாகத் திரண்டிருந்தால்தான் தெரியும். முன்பக்கம், பின்பக்கம் இருப்பதைப் பல்லின் நிழலே மறைத்துவிடும். அதனால் நுனி வளைந்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுத் தடவித்தான் பார்க்கிறோம். ஆடியில் புதுத்தண்ணீர் கலங்கலாக வரும்போது வாய்க்காலில் இறங்கினால், அடியில் கிடப்பது மண்கட்டியா சிப்பியா என்று கால்தானே சொல்லும்? அதே கதைதான். பழகிய கைக்கும் தப்பும்.

ஒளி இங்கேதான் உதவுகிறது. காரையில் ஊறிக்கிடக்கும் பாக்டீரியாக்கள் போர்பிரின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. குறிப்பிட்ட நிற ஒளி பட்டால் அது சிவப்பாகத் திருப்பி ஒளிரும். சுத்தமான வேர் அப்படி ஒளிராது. ஊதா ஒளியில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆனால் ரத்தம் ஊதாவை விழுங்கிவிடும், காரை இருக்கும் ஈறோ தொட்டாலே கசியும். கல்லூரியில் இருந்த பேனா போன்ற கருவியில் 655 நானோமீட்டர் சிவப்பு லேசர். சிவப்பு ஒளி ரத்தத்தை ஓரளவு தாண்டும் (டார்ச்சை உள்ளங்கையால் மூடினால் விரல் செக்கச்செவேல் என்று தெரியுமே, அதனால்தான்). நுனி காரை மேல் போனதும் எண் ஏறும், சத்தம் மாறும். கைக்கு வழவழப்பாகத் தோன்றிய இடத்தில் அது கத்தியபோது எனக்குக் கொஞ்சம் ரோஷமாகக்கூட இருந்தது.

ஏறக்குறைய 1 மி.மீ. தடிமனுள்ள கேமரா இழையை, தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே உள்ளே விட்டுத் திரையில் பார்க்கும் முறையும் உண்டு. நேரம் அதிகம் பிடிக்கும். கண் ஆஸ்பத்திரியில் விழித்திரையைப் பார்க்கும் ஓசிடி என்ற ஒளி ஸ்கேனையும் பல்லில் சோதித்திருக்கிறார்கள். அது இரண்டு மூன்று மி.மீ. ஆழம்தான் ஊடுருவும்.

பாபநாசம் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவர் வந்திருந்தார். "வெத்தலைக் கறைதான் தம்பி, சுரண்டி விட்டுடுங்க" என்றார். மேலே இருந்தது கறைதான். ஈறுக்குள்ளிருந்து வந்து பஞ்சில் ஒட்டியது எள் முனை அளவுக் கருப்புத் துணுக்குகள். அந்தக் கருப்பு வெற்றிலையால் வந்ததில்லை, கசிந்த ரத்தத்தின் நிறமி. "எல்லாம் வந்துடுச்சா?" என்றார். வந்துவிட்டது என்றேன். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் கீழ்க் கடைவாய்ப் பல்லில், வேர் இரண்டாகப் பிரியும் கவட்டையில் மட்டும் இன்னும் ரத்தம். அங்கே ஒரு துணுக்கு தங்கியிருந்தது. அன்றைக்கு அந்தப் பேனா இருந்திருந்தால் பிடிபட்டிருக்கலாம். ஆனால் கவட்டைக்குள் அதன் நுனியும் நுழைந்திருக்க வேண்டும். நுனி போகாத இடத்தில் ஒளியும் போகாது.

கருவியின் இன்னொரு பயன், எங்கே நிறுத்துவது என்று சொல்வது. சந்தேகத்துக்காக மேலும் மேலும் சுரண்டினால் வேரின் மேல்தோல் தேய்ந்து, அப்புறம் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசும்.

உங்கள் டாக்டரிடம் கருவி இல்லை என்பதற்காக வேறு ஊர் தேடிப் போக வேண்டாம். இடுக்கின் ஆழம் க்ளீனிங்குக்கு முன்பு எத்தனை மி.மீ., ஆறு எட்டு வாரம் கழித்து எத்தனை என்று அளந்து சொல்லச் சொல்லுங்கள். கொடிக்கால்காரருக்கு அந்தக் கவட்டையில் 6 இருந்தது, இரண்டாவது முறை சுத்தம் செய்த பிறகு 4. வெற்றிலையை மட்டும் இன்னும் விடவில்லை.