ஐவிக் கொடியின் மரபணுத்தொகுதியை அளத்தல்: கேள்வி பதில்

லாஸ்பேட்டை மாணவி: தொட்டியில் வளரும் ஐவியின் மரபணுத்தொகுதி அளவை எவ்வாறு கண்டறிவது?

நோயற்ற இளம் இலையில் நகமளவு துண்டை எடுத்து, ஒப்பீட்டுக்காக, மரபணுத்தொகுதி அளவு ஏற்கெனவே தெரிந்த பட்டாணி இலைத் துண்டோடு சேர்த்து, பனிக்கட்டியின் மேல் வைத்த பெட்ரித் தட்டில், குளிர்ந்த தாங்கல் கரைசலில் புதிய சவர பிளேடால் பொடியாக நறுக்க வேண்டும். 1983-இல் கால்பிரெய்த் குழுவினர் வெளியிட்ட இம்முறையே இன்றும் வழக்கில் உள்ளது. பிளேடு மழுங்கியிருந்தால் உட்கருக்கள் நசுங்கிவிடும் என்பதால், ஒவ்வொரு மாதிரிக்கும் புதிய பிளேடு எடுப்பதில் சிக்கனம் பார்க்காதீர்கள். பின்னர் நைலான் வலையில் வடிகட்டி, ஆர்.என்.ஏ.-வைச் சிதைக்கும் நொதியும், டி.என்.ஏ.-வில் ஒட்டி ஒளிரும் சாயமான புரோபிடியம் அயோடைடும் சேர்த்து, ஒவ்வொரு உட்கருவின் ஒளிர்வையும் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியில் செலுத்தலாம்.

'சிடிராட்' என்ற பட்டாணி வகையின் 2சி மதிப்பு, அதாவது இரட்டிக்காத ஓர் உடற்செல் உட்கருவிலுள்ள டி.என்.ஏ.-வின் எடை, 9.09 பைக்கோகிராம். கருவி தரும் ஒளிர்வு வரைபடத்தில் அதன் முகடு 300-இலும் ஐவியின் முகடு 100-இலும் விழுந்தால், ஐவியின் மதிப்பு 3.03 பைக்கோகிராம் ஆகும். ஒரு பைக்கோகிராம் 97.8 கோடி கார இணைகளுக்குச் சமம்.

நெல்லிக்குப்பம் ஆசிரியர்: குரோமோசோம்களையும் எண்ண வேண்டுமா?

கட்டாயம் எண்ண வேண்டும். ஐவி இனங்களுள் ஹெடெரா ஹீலிக்ஸ் 48 குரோமோசோம்கள் கொண்ட இருமயச் செடி (குரோமோசோம் தொகுதி இரண்டு உடையது). ஹெடெரா ஹைபெர்னிகா 96 கொண்ட நான்மயச் செடி (தொகுதி நான்கு உடையது). இருமயச் செடியில் பிரிவதற்குமுன் டி.என்.ஏ.-வை இரட்டித்த உட்கருக்கள் தரும் முகடும், நான்மயச் செடியின் முதன்மை முகடும் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுவதால், வேர்நுனியில் ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்காதவர் எளிதில் ஏமாறுவார். இது வெறும் வகைப்பாட்டுச் சண்டையன்று: அமெரிக்காவின் வடமேற்குக் கரையோரக் காடுகளை ஆக்கிரமித்துள்ள ஐவியில் பெரும்பகுதி ஹைபெர்னிகாவே.

அரியாங்குப்பம் வாசகர்: கரைசல் பழுப்பாகி முகடுகள் அகன்றுவிடுகின்றனவே?

இலையின் பீனாலிக் சேர்மங்கள் சாயம் ஒட்டுவதைக் கெடுக்கின்றன. தாங்கல் கரைசலில், பீனாலிக் சேர்மங்களைப் பிடித்துவைக்கும் பி.வி.பி. (பாலிவினைல்பைரோலிடோன்) சேர்த்து, இன்னும் இளைய இலையை எடுத்து, நறுக்கியதும் தாமதிக்காமல் அளந்து பாருங்கள்.

புதுச்சேரி வாசகர்: எங்கள் மதிலில் படர்ந்திருப்பதை அளக்கலாமா?

தண்டைக் கிள்ளிப் பாருங்கள். வெண்பால் கசிந்தால் அது ஐவியன்று. பெரும்பாலும் மதில்களில் படரவிடும் கொடி அத்தியாக இருக்கும்.

கடலூர் மாணவர்: இங்கே எளிதில் கிடைக்கும் கொடி எதையாவது அளக்க விரும்புகிறேன்.

வேலியோரக் கோவையை எடுங்கள். ஐவியைவிடச் சுவையான பாடம் அதில் உண்டு. ஆண் கொடியின் ஒய் குரோமோசோம் மிகப் பெரியதாகையால், ஆணின் மரபணுத்தொகுதி பெண்ணினுடையதைவிட ஏறத்தாழப் பத்து விழுக்காடு கூடுதல். பூக்கும் பருவத்தில், பூவுக்கு அடியில் பிஞ்சு இருக்கிறதா என்று பார்த்து ஆண், பெண் கொடிகளைப் பிரித்துக்கொள்ளலாம். இலைகளை ஈரத் துணியில் சுற்றி ஐஸ் பெட்டியில் கொண்டு செல்லுங்கள், உறையவிட வேண்டாம்.